பாப்பாத்தி அம்மாள் கோவில்: பாளையங்கோட்டையில் ஒரு சபை உருவான கதை



நம் ஊரின் பழைய கதைகளைச் சொல்லும் இந்தப் பகுதியில், இந்தக் காலாண்டில் ஒரு கோவிலைப் பற்றிப் பார்க்கலாம். நாலு தலைமுறையாகப் பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த இடம்தான். வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் அண்மையில் இங்கே குடிவந்தவர்களிடம் "பாளையங்கோட்டையில் பழைய சர்ச் எது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஊசிக்கோபுரத்தைக் கை காட்டுவார்கள். வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்கும் அந்தக் கோபுரத்தைப் பார்க்காமல் யாரும் ஊருக்குள் வர முடியாது. ஆனால் அதைவிட நாற்பது ஆண்டு மூத்த கோவில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது. அதன் பெயர் குளோரிந்தா ஆலயம். பழைய ஆட்கள் சொல்லும் பெயர் பாப்பாத்தி அம்மாள் கோவில்.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களும் தங்கள் ஆலயத்தைக் கோவில் என்றே சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு புராட்டஸ்டன்ட் கோவிலுக்குப் பாப்பாத்தி பெயர் எப்படி வந்தது? அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், மிஷனரிகளின் பெயர்களால் மட்டும் எழுதப்பட்ட வரலாற்றில் நாம் சாதாரணமாகக் காணாத சிலர் தென்படுகிறார்கள். அவர்களை உங்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

கோட்டைக்குள் ஒரு குரல்

பாளையங்கோட்டை என்ற பெயரில் இருக்கும் கோட்டை இன்று பெரும்பாலும் பெயரில்தான் இருக்கிறது. மேடைப் போலீஸ் நிலையத்தைக் கடக்கும்போது அது எதன் மேல் நிற்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். பழைய கோட்டையின் மிச்சம் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இந்தக் கோட்டையில் தங்கியிருந்தது. நவாபுக்காக வரி வசூலிக்கவும் பாளையக்காரர்களை அடக்கவும் வைக்கப்பட்ட படை அது. படை இருந்தால் அதைச் சுற்றி ஆட்கள் சேர்வார்கள். சிப்பாய்கள், அவர்களுடைய குடும்பங்கள், கணக்கர்கள், சமையற்காரர்கள், மாட்டுவண்டிக்காரர்கள் எனப் பல ஊர்களிலிருந்தும் வந்தவர்கள் கோட்டையை ஒட்டி வாழ்ந்தார்கள்.

1771-இல் திருச்சிராப்பள்ளியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தம் குறிப்புகளில் பாளையங்கோட்டையைப் பற்றி எழுதுகிறார். அப்போது அவர் இந்த ஊரைப் பார்த்ததில்லை. திருச்சிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்ற தமிழர் இங்கே வசித்தார். அவர் இங்குள்ளவர்களுக்கு வேதம் வாசித்துக் காட்டிவந்தார். கோட்டையில் இருந்த ஓர் ஆங்கிலேய சார்ஜென்ட் அவருக்குத் துணையாக இருந்தார். அந்த சார்ஜென்ட்டின் மனைவியும் திருச்சிச் சபையைச் சேர்ந்தவர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு வாலிபக் கணக்கர் ஞானஸ்நானம் வேண்டும் என்றார். சார்ஜென்ட் தாமே கொடுத்துவிட்டார். குருப்பட்டம் இல்லாதவர் இப்படிச் செய்தது சுவார்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை.

பாளையங்கோட்டைச் சபையின் கதை தொடங்குவது இங்கேதான். குருவானவரும் கட்டடமும் வருவதற்கு முன்பே, வாசிக்கத் தெரிந்த ஒருவரும் கேட்க உட்கார்ந்த சிலரும் இருந்தார்கள்.

குளோரிந்தா

இனி பெயருக்குரியவரிடம் வருவோம். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தி பிராமணக் குடும்பத்துப் பெண். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பிராமண விதவையின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உடன்கட்டை ஏற்றப்பட இருந்த அவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று ஒரு கதை நம் பக்கத்தில் சொல்லப்பட்டு வருகிறது. பத்மாவதி சரித்திரம் எழுதிய, பெருங்குளத்துக்காரரான அ. மாதவையா, 1915-இல் இவர் வாழ்க்கையை வைத்தே ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். நாவல் நாவல்தான். மிஷன் குறிப்புகளிலிருந்து உறுதியாகத் தெரிவது இவ்வளவு: அவர் லிட்டில்டனோடு வாழ்ந்தார். லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவப் போதனையும் சொல்லிக்கொடுத்தார். லிட்டில்டனுக்குப் பாளையங்கோட்டைக்கு மாற்றலானபோது அவரும் கூடவே வந்தார்.

தஞ்சாவூரில் இருந்தபோதே அவர் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணமில்லாமல் ஓர் அதிகாரியோடு வாழ்பவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்பது காரணம். அவருடைய சபை ஒழுங்கின்படி அது சரியான பதில். ஆனாலும் நிலைமையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிறந்த சாதி அவரைக் கழித்துவிட்டது. சேர விரும்பிய சபை வாசலில் நிறுத்திவிட்டது. அதே வாழ்க்கையை அவரோடு பகிர்ந்துகொண்ட லிட்டில்டன் பிறக்கும்போதே கிறிஸ்தவர். வாசலில் நின்று கேட்க வேண்டிய நிலை அவருக்கு வரவேயில்லை.

பாளையங்கோட்டையில் லிட்டில்டன் நோயில் விழுந்தார். அவர்தான் உடனிருந்து கவனித்துக்கொண்டார். லிட்டில்டன் இறந்தபோது தம் சொத்தை அவருக்கு எழுதிவைத்தார். 1778-இல் சுவார்ட்ஸ் முதன்முறையாகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களின் வேண்டுகோளுக்காக வந்த பயணம் அது. விதவையாகியிருந்த அந்தப் பெண் மீண்டும் கேட்டார். இந்தத் தடவை தடை இல்லை. குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு சுவார்ட்ஸ் ஊர் திரும்பினார். தஞ்சாவூருக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல். ரயில் இல்லை, தபால் வண்டி இல்லை, வழியில் பாளையக்காரர் சண்டை வேறு. இங்கிருந்தவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாற்பது பெயர்கள்

பார்த்துக்கொண்டார்கள். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைக்கு ஒரு பதிவேடு எழுதப்பட்டது. அதில் 40 பெயர்கள். முதல் பெயர் குளோரிந்தா. திருநெல்வேலி புராட்டஸ்டன்ட் சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த ஆண்டிலிருந்துதான் கணக்குத் தொடங்குவார்கள். நம் கால்டுவெல் ஐயரும் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாற்று நூலில் இந்தப் பட்டியலுக்கு முக்கிய இடம் கொடுத்திருக்கிறார்.

அந்த 40 பேரும் 13 சாதிகளைச் சேர்ந்தவர்கள். கோட்டையைச் சுற்றி யார் யார் வாழ்ந்தார்களோ அவர்கள் எல்லாரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் நம் மாவட்டத்துக் கிராமங்களில் சபைகள் பெருகியபோது பெரும்பாலும் ஒரே சாதியார் கூட்டமாகச் சேர்ந்தார்கள். முதல் சபை அப்படி இல்லை.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்தில் சாதியே இல்லாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே ஏட்டில் பெயர் எழுதியவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இந்தச் சபையிலிருந்து புறப்பட்ட ஒரு பெரிய கவிஞரே சாதி வழக்கங்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மிஷனரிகளோடு வாதாடினார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனினும் சேர்ந்து இருக்கப் பழக்கமில்லாத 13 சாதியார், ஒரு விதவையின் பெயருக்குக் கீழே தங்கள் பெயரை வரிசையாக எழுத ஒப்புக்கொண்டார்கள் என்பது 1780-இல் சின்ன விஷயமில்லை.

கல்லும் சுண்ணாம்பும்

சபைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. கூடுவதற்கு இடம் வேண்டும். 1783-ஐ ஒட்டி குளோரிந்தா கோவில் கட்ட முனைந்தார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் சிலரும் உதவினார்கள். முயற்சியும் பெரும்பங்கும் அவருடையது. 1785 ஆகஸ்ட் 24-ஆம் நாள், இரண்டாவது முறையாக இந்த ஊருக்கு வந்த சுவார்ட்ஸ் அதைப் பிரதிஷ்டை செய்தார். திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டன்ட் கோவில் இதுதான். முன்பு இவரை மறுத்த அதே கை, இவர் கட்டிய கோவிலைப் பிரதிஷ்டை செய்தது.

ஊரார் இந்தக் கட்டடத்துக்கு மிஷனரியின் பெயரையும் வைக்கவில்லை, கம்பெனியின் பெயரையும் வைக்கவில்லை. யார் முன்னின்று கட்டினார்களோ அவர் பெயரை வைத்தார்கள்: பாப்பாத்தி அம்மாள் கோவில். அவர் ஊர்ப் பொதுவுக்கு வெட்டிவைத்த கிணறும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றே வழங்கியது.

அந்த 1785 பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. தேவசகாயம் என்பவர் இந்தச் சபையைச் சேர்ந்தவர். அவருடைய மகன் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம். பையனின் சூட்டிப்பைப் பார்த்த சுவார்ட்ஸ், தகப்பனிடம் கேட்டு அவனைத் தம்மோடு தஞ்சாவூருக்குப் படிக்க அழைத்துப்போனார். அவர்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். உலகத்தில் எங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் கூடினாலும் அவருடைய கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. சாதி பற்றி மிஷனரிகளோடு வாதாடியவர் என்று மேலே சொன்னேனே, அவரும் இவர்தான். பாட்டையும் வாதத்தையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

சத்தியநாதன் ஐயர்

குளோரிந்தா சுவார்ட்ஸிடம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்று: இங்கேயே தங்கிச் சபையை நடத்த ஓர் உபதேசியார் வேண்டும். அப்படி அனுப்பப்பட்டவர்தான் சத்தியநாதன். 1790 டிசம்பர் 26 அன்று தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அன்று அவர் தமிழில் செய்த பிரசங்கம் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சானது. ஒரு தமிழ்ப் போதகரின் சொல் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போனது அபூர்வம். அடுத்த ஆண்டு ஜேனிக்கே என்ற ஜெர்மானிய மிஷனரியும் இங்கே வந்தார். மலைக்காய்ச்சல் அவரைப் படுத்தியெடுத்தது. 1800-இல் தஞ்சாவூரில் காலமானார். ஊரில் நிலையாக நின்று வேலை செய்தவர் சத்தியநாதன் ஐயர்தான்.

இந்தச் சின்னக் கோவிலிலிருந்துதான் கிராமங்களுக்கு வழி திறந்தது. தஞ்சாவூரில் பயிற்சி பெற்ற தாவீது சுந்தரானந்தம் என்பவர் சத்தியநாதன் ஐயருக்கு உதவியாக வந்து, தம் சொந்த ஊர்ப்பக்கம் போய்ப் போதித்தார். விசுவாசிகளுக்கு அங்கே தொல்லை மிகுந்தது. பாளையங்கோட்டையில் இருந்த எவரெட் என்ற படை அதிகாரியின் உதவியுடன் தேரிக்காட்டுப் பக்கம் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார்கள். 1799-இல் தோன்றிய அந்த ஊர்தான் முதலூர். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் அதே ஆண்டுதான். நாட்டில் நெருப்புப் பற்றி எரிந்துகொண்டிருந்த காலம் அது என்பதை மறந்துவிடக் கூடாது. 1801-இல் ஊமைத்துரை தப்பிப்போனதும் நம் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்துதான்.

இருண்ட ஆண்டுகளும் புதிய கோபுரமும்

1798-இல் சுவார்ட்ஸ் இறந்தார். 1806-இல் குளோரிந்தா இறந்தார். அடுத்து வந்த பத்து ஆண்டுகள் சபைக்குக் கஷ்ட காலம். ஐரோப்பாவில் நெப்போலியன் போர். வெளியிலிருந்து பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. 1816-இல் ஹக் என்பவர் படைக்குச் சாப்ளினாக இங்கே வந்தபோது, கேட்பாரற்றுக் கிடந்த இந்த மாவட்டத்தில் மூவாயிரத்தை ஒட்டிய கிறிஸ்தவர்கள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். உள்ளூர் உபதேசிமாரும் விடாப்பிடியான குடும்பங்களும் விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள். ஹக் பள்ளிக்கூடங்கள் திறந்தார். மிஷனரிகளை அனுப்புமாறு சி.எம்.எஸ். சங்கத்துக்கு எழுதினார்.

அதன் பலனாக 1820-இல் வந்தவர் ரேனியஸ் ஐயர். அடுத்த கதை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 1826-இல் தூய திரித்துவ ஆலயம் எழும்பியது. ஊசிக்கோபுரம் பிறகு வந்தது. பள்ளிகளும், ஆசிரியர் பயிற்சியும், பின்னர் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்குமான பள்ளிகளும், கல்லூரிகளும் வரிசையாக எழுந்தன. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு அடித்தளம் அந்தக் காலத்தில் போடப்பட்டது.

சபையின் மையம் ஊசிக்கோபுரத்துக்கு இடம் மாறியதும், பழைய கோவில் ஆங்கிலேய அதிகாரிகளும் படையினரும் ஆங்கிலத்தில் ஆராதனை நடத்தும் இடமானது. இங்கிலீஷ் சர்ச் என்ற பெயர் அதனால் வந்தது. ஒரு தமிழ்நாட்டுப் பெண் முன்னின்று கட்டி, 13 சாதித் தமிழ்ச் சபைக்கென்று தொடங்கிய கோவில், துரைமார்களின் கோவில் என்று அறியப்படும் நிலைக்கு வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. துரைமார்களும் கப்பல் ஏறிவிட்டார்கள். கோவில் நம் ஊர்க்காரர்களிடமே திரும்பிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது?

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். குளோரிந்தா என்பது ஞானஸ்நானப் பெயர். இன்று பெயர்ப்பலகையில் இருப்பதும் அதுதான். பாப்பாத்தி அம்மாள் என்பது ஊர் வைத்த பெயர். அவருடைய சாதியார் அவரைத் தள்ளிவைத்தார்கள். அவரும் அந்தச் சாதியை விட்டு வந்தவர். ஆனாலும் ஊரார் வாயில் கடைசிவரை அவர் பாப்பாத்தி அம்மாள்தான். ஒருவர் எதைத் துறந்தாலும் சாதிப் பெயர் விடாமல் ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்கு இதுவே சாட்சி என்று ஒருவர் சொல்லலாம். அது உண்மைதான்.

ஆனால் அந்தப் பெயர் இன்னொன்றையும் செய்தது. மிஷன் அறிக்கைகள் சுவார்ட்ஸ், ஜேனிக்கே, ஹக், ரேனியஸ் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனபோது, தெருவில் போகிறவர்களும் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களும் ஒரு விதவையின் நினைவை நூறு ஆண்டுக்கு மேல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். சுவார்ட்ஸ் ஐயர் பெரிய மனிதர், அதில் சந்தேகமில்லை. எனினும் இந்தச் சபை தொடங்கி, பெயர் எழுதி, கோவில் கட்டி முடிக்கும் வரை அவர் இங்கே வந்தது இரண்டே தடவை. மற்ற நாட்களில் சபையை நடத்தியவர்கள் இந்த ஊரில் குடியிருந்தவர்கள். சவரிமுத்து, அந்தச் சார்ஜென்ட்டின் வீட்டார், ஏட்டில் பெயர் எழுதிய 40 பேர், எல்லாருக்கும் முன்னால் நின்ற குளோரிந்தா.

குடியிருப்போர் நலச்சங்கச் செய்திமடலில் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரு நோட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு காரியத்தைத் தொடங்குவது எவ்வளவு சிரமம் என்று நம் பொதுக்குழுவுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்

முதலாவது, எந்த மதத்தினராக இருந்தாலும் ஒரு நாள் குளோரிந்தா ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அது இன்றும் ஆராதனை நடக்கும் இடம். ஆராதனை இல்லாத வேளையில், அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, அமைதியாகப் பார்த்து வாருங்கள்.

இரண்டாவது, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: "அந்தக் கோவிலை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?" பாப்பாத்தி அம்மாள் கோவில், இங்கிலீஷ் சர்ச், குளோரிந்தா ஆலயம் என்று பதில் எதுவானாலும், சொன்னவர் வயதோடும் தெருவோடும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாம் எழுதிவைக்காவிட்டால் அடுத்த தலைமுறையோடு இந்தப் பெயர்கள் போய்விடும்.

மூன்றாவது, வீடு மாறும்போதும் வெள்ளையடிக்கும்போதும் பழைய டிரங்குப் பெட்டிகளைக் காலி செய்வீர்கள். அதில் ஞானஸ்நானச் சீட்டு, கல்யாண ஓலை, பள்ளிக்கூடக் குழுப்படம், தோத்திரப் பண்டிகை நோட்டீஸ், கோவில் திருவிழா வரவுசெலவு நோட்டு, பள்ளிவாசல் கணக்கு, எதுவாக இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். 1780-இல் யாரோ ஒருவர் உட்கார்ந்து 40 பெயர்களை எழுதிவைத்தார். அந்த ஒரு தாள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை.